மயிலையிலிருந்து ராயபுரம் வரை: இறையிசை கேட்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

கோயில், தேவாலயம், தர்கா, குருத்வாரா என்று சென்னை முழுக்கச் சுற்றி இறையிசை கேட்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், முடிந்தால் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்று என்னைத் தேடி வரும் இளையவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. வருகிறவர்களிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதித் தருகிறேன். வரிசைப்படி படிக்க வேண்டும் என்றில்லை. முதல் அறிவுரையை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. அழகை அப்புறம் பாருங்கள்; அந்த இசைக்கு என்ன வேலை என்பதை முதலில் பாருங்கள்.

கபாலீசுவரர் கோயிலில் சாமி புறப்படும் நேரத்தில் கோபுர வாசலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நாகசுரத்தில் மல்லாரி கிளம்பும். அதற்குச் சொல் கிடையாது. பெரும்பாலும் கம்பீர நாட்டையில்தான் வாசிப்பார்கள். தெற்கு மாடவீதியின் கோடியில் இருப்பவருக்கும் சாமி எழுந்தருளிவிட்டார் என்று அது தெரிவித்துவிடும். தேர் நகரும்போது ஒரு மல்லாரி, நைவேத்தியத்துக்கு வேறொரு மல்லாரி. அந்த ஓசையை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று வீதியில் நிற்பவர் சொல்லிவிடுவார். பள்ளியறையில் பாடும் பாட்டு துயில வைக்கும். மசூதியிலிருந்து வரும் பாங்கு அழைக்கும். முஹர்ரம் நாட்களில் ஆயிரம் விளக்கில் பாடும் நௌஹா கர்பலாவை நினைத்து அழவைக்கும். ஆடி மாதத்தில் வடசென்னை அம்மன் கோயில்களில் ஒலிக்கும் பம்பையும் உடுக்கையும் கரகத்துக்கு அம்மனை வரவழைக்கும். இவை ஒவ்வொன்றும் ஒரு காரியத்தை நடத்தி முடிப்பதற்காக எழுந்தவை. அந்தக் காரியத்தைப் பிடித்துக்கொண்டீர்களானால் ராகமும் தாளமும் அந்த வடிவில் ஏன் இருக்கின்றன என்பது தானே விளங்கும்.

சபா நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதில் இது கிடைக்காது. மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. அதற்குப் பின் வளர்ந்த கச்சேரிப் பழக்கத்தில் தேவாரம் கடைசிப் பகுதிக்குப் போய், துக்கடாக்களில் ஒன்றாகச் சுருங்கியது. அந்த மனக்குறையும் சேர்ந்துதான் 1943-ல் தமிழிசைச் சங்கம் பிறந்தது. சங்கம் செய்தது பெரிய காரியம். ஆனாலும் தேவாரத்துக்கு மேடை கிடைப்பது வேறு, தீபாராதனைக்குப் பிறகு சன்னிதியில் ஓதுவார் சுருதிப் பெட்டி மட்டும் துணையாக ஒரு பதிகம் பாடுவது வேறு. அங்கே கேட்பவர் சாமி. நாம் பக்கத்தில் நிற்க அனுமதிக்கப்பட்டவர்கள். இந்த நினைப்பு எந்த வழிபாட்டிடத்துக்கும் பொருந்தும்.

2. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓராண்டு முழுவதும் போய்வாருங்கள்.

திருவிழாவன்று மட்டும் போகிறவருக்குக் கூட்டம்தான் கேட்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை சாயரட்சையில் போய் நின்று பாருங்கள். ஓதுவாரின் மூச்சு கூடக் கேட்கும். எங்கே தொடங்குவது என்று கேட்டால் மயிலாப்பூரைத்தான் சொல்வேன். காரணம், ஆண்டு முழுவதும் வர வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பதிகமே சொல்லிக்கொடுக்கிறது. திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தில் பாட்டுக்கொரு விழா வரும்: ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். இந்த விழாக்களையெல்லாம் பாராமல் போய்விடுவாயோ என்று இறந்துபோன பெண் பூம்பாவையைக் கேட்டுக் கேட்டு அழைக்கும் பாடல்கள் அவை. அதன் பண் சீகாமரம். இன்றைய ஓதுவார்கள் நாதநாமக்கிரியையில் பாடுகிறார்கள். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் குளக்கரையில் பூம்பாவையை உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சி நடக்கும். பிற்பகலில் அறுபத்துமூவர் உலா. எல்லாரும் பிற்பகலுக்கு வருவார்கள். நீங்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். பதிகம் பிறந்த கதையும் ஊரும் பண்ணும் ஒரே இடத்தில் கூடும் வேளை அது.

தேவாலயத்தின் ஆண்டுக்கும் ஓர் இசைக்கணக்கு உண்டு. கத்தோலிக்கக் கோயில்களில் தவக்காலம் முழுக்க அல்லேலூயா பாட மாட்டார்கள். பெரிய வியாழன் இரவு வழிபாட்டில் ஒலித்து ஓயும் மணி, உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில்தான் மறுபடி ஒலிக்கும். இடையில் மரக்கட்டை ஓசைதான். இந்த மௌனத்தை இருந்து கேட்டவருக்குத்தான் உயிர்ப்பு இரவின் மணி என்ன என்று தெரியும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்தில் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் திருவிழா நிறையும். அந்த நாட்களில் நடந்து வருகிறவர்கள் சாலையில் பாடிக்கொண்டு வரும் பாட்டையும் விடாதீர்கள். கோயிலுக்குள் பாடாத பாட்டுகள் அதில் இருக்கும்.

முஸ்லிம் பண்டிகைகள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும். எனவே ஒரே மாதத்தில் எப்போதும் எதிர்பார்க்காதீர்கள். மார்கழியோ இரண்டு உலகங்களை ஒன்றாகக் கொண்டுவரும். விடியற்காலையில் மாடவீதிகளில் பஜனை. பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம், அவர் 1973-ல் மறைந்த பிறகும் தொடர்கிறது. அதே நாட்களின் இரவில் கேரல் குழுக்கள் கிதாரும் டிரம்முமாக வீடு வீடாகப் போகும். உடம்பில் தெம்பு இருக்கும் வயதில் இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிடுங்கள்.

3. எல்லாவற்றையும் பாட்டு என்று சொல்லிவிடாதீர்கள்.

இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. இது கேட்கும் முறையையே மாற்றும். குர்ஆன் ஓதுதலுக்கு தஜ்வீத் என்ற விதிகள் உண்டு. எந்த எழுத்து தொண்டையில் பிறக்க வேண்டும், எந்த உயிரை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். கிராஅத் என்ற அந்த ஓதலில் உங்கள் காதுக்கு ராகம் கேட்கலாம். ஓதுகிறவருக்கு அது இசை கிடையாது. இமாமிடம் போய் “நன்றாகப் பாடினீர்கள்” என்றால் மனம் சங்கடப்படுவார். “நன்றாக ஓதினீர்கள்” என்று சொல்லுங்கள்.

திருவல்லிக்கேணியிலும் இப்படித்தான். பார்த்தசாரதி கோயிலில் திவ்யப் பிரபந்த கோஷ்டி சேவிக்கும்போது அதில் கச்சேரி ராகத்தைத் தேடாதீர்கள். சிறு வயதில் சந்தை என்ற பாடமுறையில் சொல்லி, ஆசிரியர் வாயிலிருந்து வந்த அதே ஏற்ற இறக்கத்தோடு பாடம் செய்தவர்கள் அவர்கள். பல தொண்டைகள் ஒரே மூச்சாக ஓடும் அந்த வேகத்தில் பாசுரத்தின் யாப்பு அப்படியே தெரியும். அச்சில் படிக்கும்போது பிடிபடாத எதுகையும் மோனையும் அங்கே காதில் விழும். புறப்பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பெருமாளுக்கு முன்னே தமிழ்ப் பிரபந்த கோஷ்டி, பின்னே வேத பாராயணம். ஒலியின் வரிசையே ஒரு சமயத்தின் கொள்கையைச் சொல்லும் இடம் அது. பகல் பத்து, இராப் பத்து நாட்களில் ஒரு நாளாவது சாற்றுமுறை முடியும்வரை இருங்கள்.

4. உடையும் இருக்கையும்.

குருத்வாராவில் தலையை மூட வேண்டும், கால் கழுவ வேண்டும், தரையில்தான் உட்கார வேண்டும், கைதட்டக் கூடாது. மசூதியில் தொழுகை வரிசைக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. பெண்களுக்கு எந்த வாசல் என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் கைபேசியை ஃப்ளைட் மோடில் போடுங்கள். சில கதவுகள் உங்களுக்குத் திறக்காது. ராயபுரத்தில் 1910-லிருந்து இருக்கும் பார்சி அக்கினிக் கோயிலுக்குள் பார்சிகள் மட்டுமே போகலாம். அங்கே ஓதும் அவெஸ்தா மொழி வேண்டுதலை நீங்கள் அந்த இடத்தில் கேட்க முடியாது. வாதாடாதீர்கள், தெருவிலிருந்தே வணங்கிவிட்டு வாருங்கள்.

5. “எல்லாம் ஒன்றுதான்” என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

கொடுக்கல் வாங்கல் நிறைய நடந்திருக்கிறது. அதை ஒவ்வொன்றாக அறிந்துகொள்ளுங்கள். தஞ்சை சரபோஜி மன்னர் காலத்து வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ராக தாளத்தோடு எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இன்றும் சென்னையின் சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் பாடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் மேலைநாட்டு மெட்டில் ஒரு பாமாலை, அடுத்து கர்நாடக மெட்டில் ஒரு கீர்த்தனை என்று ஒரே சபை இரண்டு இசைமொழிகளில் பாடும். ஆர்கன் வாசிப்பவர் கீர்த்தனை வரும்போது என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சிலர் சுருதி மட்டும் பிடித்துக் கொடுப்பார்கள். சிலர் நான்கு குரல் அடுக்க முயல்வார்கள், அப்போது ராகம் திணறும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டியிலிருந்து வந்து வடசென்னையில் தங்கியவர். தண்டையார்பேட்டை என்ற பெயருக்கே அந்தத் தொண்டியார்தான் காரணம் என்பார்கள். சித்தர் பாடல் போலவே ஒலிக்கும் அவர் பாடல்களை இந்துக்களும் பாடினார்கள். ராயபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது, போய்வாருங்கள். நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) முஸ்லிம். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து வாசித்தவர்.

இத்தனைக்குப் பிறகும் இவை ஒன்றாகிவிடவில்லை. குரு கிரந்த் சாகிபின் பெரும்பகுதி ராகவாரியாக அடுக்கப்பட்டது; முதன்மையான ராகங்கள் 31. வேதநூலே ராகப்படி பகுக்கப்பட்டிருக்கும்போது, ராகம் அங்கே வெறும் அலங்காரமாக இருக்க முடியுமா? தியாகராய நகர் குருத்வாராவில் ராகி ஜத்தா என்ற பாடகர் குழு ஹார்மோனியம் தபலாவோடு ஷபத் பாடும்போது சொல்தான் முன்னால் நிற்கும். பாட்டுக்குப் பின் அரசரும் ஆண்டியும் ஒரே வரிசையில் உட்காரும் லங்கர். அந்தச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் கீர்த்தனம் முடிகிறது என்று நான் நினைக்கிறேன். ஷியாக்களின் மஜ்லிஸ் என்ற துக்கக் கூட்டத்துக்குப் போனால் மர்சியா என்ற இரங்கற்பா மெல்ல வளர்ந்து, நௌஹாவில் மாத்தம் என்ற மார்படியே தாளமாகும். கருவி எதுவும் இல்லை; துக்கம் கொண்டாடும் உடம்புதான் கருவி. இதையும் மார்கழி பஜனையின் உற்சாகத்தையும் ஒன்று என்று சொன்னால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

ஒரு சமயத்துக்கு ஒரே குரல்தான் என்றும் எண்ணிவிடாதீர்கள். நபிகளைப் புகழும் மவ்லிது ஓதுவது பெரும் நன்மை என்று சொல்லும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு, அது கூடாது என்பவர்களும் உண்டு. தேவாலயத்தில் கர்நாடக இசையே தமிழிசையா என்று கேட்டவர் தியாபிலஸ் அப்பாவு. பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இந்த வாதங்களில் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம். யார் எந்தப் பக்கம், ஏன் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

இந்த நகரத்தின் இறையிசையில் சாதி உண்டு, கூலி உண்டு, அவமானமும் உண்டு. நாகசுரக் கலைஞர் உட்கார இடமின்றி, மேலே துணியின்றி நின்று வாசித்த காலத்தில், மேடையும் மதிப்பும் கேட்டுப் போராடியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). பறை இல்லாமல் இறுதி ஊர்வலம் இல்லை. ஆனால் அதை அடிப்பவரை எத்தனை கோயில்கள் உள்ளே விட்டன? பம்பைக்காரர் இரவெல்லாம் அம்மன் வருணிப்புப் பாடுகிறார். அவர் பெயர் விழா நோட்டீசில் இருக்கிறதா? இவற்றைப் பாராமல் இசையை மட்டும் எழுதுகிறவர் பாதிதான் எழுதுகிறார். மாறியதையும் எழுதுங்கள்: 2021-ல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஓர் இளம்பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். அவர் குரலில் பதிகம் கேட்ட சிறுமிகளுக்கு அது இனிமேல் வழக்கமான குரல்.

7. மின்மேளம் இருக்கும் கோயிலில் ஒரு கேள்வி கேளுங்கள்.

இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் சுழன்று முரசையும் சேகண்டியையும் மணியையும் ஒரே வேகத்தில் அடிக்கும் அந்தப் பெட்டி, பல சின்னக் கோயில்களில் தவிலையும் நாகசுரத்தையும் வெளியே அனுப்பிவிட்டது. தீபம் மெல்ல ஏறுவதும் இறங்குவதும் அதற்குத் தெரியாது. ஆராதனை எப்போது முடிந்தது என்று பார்த்து ஒருவர் போய் நிறுத்த வேண்டியிருக்கிறது. தவில்காரர் அர்ச்சகரின் கையைப் பார்த்து வாசிப்பார். கை உயர்ந்தால் அவர் நடை மாறும். அந்தப் பார்வைதான் போய்விட்டது. “ஆள் கிடைப்பதில்லை” என்பார்கள். எவ்வளவு சம்பளம் தந்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். விழா அலங்கார விளக்குக்கு ஆகும் செலவையும் மேளக்காரருக்குத் தரும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உபயதாரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், பூ அலங்காரத்துக்குப் பதில் ஒரு மாத மேள உபயம் செய்யச் சொல்லுங்கள். இதைச் சொல்லி நடந்தும் இருக்கிறது.

தேவாலயங்களிலும் இந்த நோய் வேறு உருவில் வந்திருக்கிறது. கீபோர்டில் பதிந்து வைத்த தாளத்தை ஓடவிட்டுச் சபை அதன் பின்னால் ஓடுகிறது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் 1821-ல் திறந்த கோயில். அங்கே காற்றுக்குழல் ஆர்கன் இருக்கிறது. பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முடிவில் அந்தக் கருவியோடு சபையும் மூச்சு வாங்குவதைக் கேட்டு வாருங்கள். என்ன இழக்கிறோம் என்று புரியும்.

8. பதிவு செய்வது பற்றி.

முதல் மூன்று முறை பதிவுக் கருவியே வேண்டாம், காதோடு போங்கள். பிறகு பாடுகிறவரிடமும் இடத்தின் பொறுப்பாளரிடமும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள்; ஒருவர் சொன்னது மற்றவருக்குச் செல்லாது. பதிவின் தொடக்கத்தில் தேதி, திதி அல்லது பிறை, இடம், பாடுபவர் பெயர் எல்லாவற்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். மஜ்லிஸில் அழுகிறவர் முகத்தையும், சாமி வந்து ஆடுகிறவரையும் படம் எடுக்காதீர்கள். ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேறு எங்கும் போட வேண்டும். ரீலுக்காக முப்பது வினாடி வெட்டி எடுப்பதை நான் ஒப்பவில்லை.

9. சொல் தெரியாமல் உட்காராதீர்கள்.

உருது, பஞ்சாபி, சிரியாக், பாலி என்று இந்த ஊரில் எத்தனையோ மொழிகளில் வேண்டுகிறார்கள். எழும்பூர் மகாபோதி சங்கத்தில் பிக்குகள் பாலியில் ஓதுகிறார்கள். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் மாலைதோறும் விவேகானந்தர் இயற்றிய ஆரதிப் பாடல் ஒலிக்கிறது. சவுகார்பேட்டையின் சமணர்கள் பரியூஷண நாட்களில் தீர்த்தங்கரர் மீது ஸ்தவனம் பாடுகிறார்கள். போவதற்கு முந்தைய நாளே யாரிடமாவது பொருளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் மகிழ்ந்து சொல்லாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

10. முதியவர்களிடம் இப்போதே போங்கள்.

ஜார்ஜ் டவுனில் 1772-ல் கட்டிய ஆர்மீனியக் கோயில் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-ல் அச்சானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் அந்த வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உண்டு. ஞாயிறு காலையில் அவற்றை இன்னும் அடிக்கிறார்கள். ஆனால் கீழே பாடுவதற்குச் சபை இல்லை. ஒரு சமூகம் போய்விட்டால் மணி மிஞ்சலாம், பாட்டு மிஞ்சாது. பாட்டு தொண்டையில் இருப்பது.

அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருப்பலியைத் தமிழுக்குக் கொண்டுவருவதற்கு முன் லத்தீனில் பாடப் பழகிய பெரியவர்கள் சாந்தோமிலும் ராயபுரத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். மவ்லிதைப் பழைய மெட்டில் ஓதத் தெரிந்த பாட்டிகள், தர்கா வாசலில் தாயிரா தட்டிப் பாடும் பக்கீர்கள், தவக்காலப் புலம்பலை ஒப்பாரி மெட்டில் பாடும் மீனவப் பெண்கள், எல்லாப் பண்ணிலும் ஒரு பதிகமாவது பாடம் உள்ள ஓதுவார்கள் — இவர்கள் வீட்டுக்குப் போங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் நாளே பாடச் சொல்லாதீர்கள். குடும்பத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி, யாரிடம் கற்றார்கள் என்பதைப் பற்றிக் கேளுங்கள். பாட்டு தானாக வரும்.

11. ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்து பாடுங்கள்.

கேட்பவராகவே நின்றுவிட்டால் ஓர் எல்லைக்கு மேல் நகர முடியாது. உங்கள் வீட்டுச் சமயம் எதுவோ அதிலேயே தொடங்குங்கள். நம்பாதவராக இருந்தால் வாசல் திறந்திருக்கும் ஏதாவதொரு இடத்தில் தொடங்குங்கள். மாடவீதி பஜனைக்கு யாரும் சீட்டு கேட்பதில்லை. ஐந்தரை மணிக்கு வந்து பின்னால் நடந்தால் போதும், பத்து நாளில் வாய் தானே திறக்கும். தேவாலயப் பாடற்குழுக்களில் டெனர், பேஸ் பாட ஆண் குரல் எப்போதும் குறைவு. ஈஸ்டருக்கு முன் போனால் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். தேவார வகுப்பு நடக்கும் கோயில்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, பெண்களும் சேரலாம். குருத்வாராவில் கீர்த்தனம் கற்க வேண்டும் என்றால் முதலில் லங்கரில் ரொட்டி தேய்க்கப் போங்கள். சமையலறையில் பழகிய பிறகு கேளுங்கள், இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எதில் சேர்ந்தாலும் பயிற்சி நாட்களைத் தவறவிடாதீர்கள். திருவிழா நாளைவிடப் பயிற்சி நாளில்தான் பெரியவர்கள் உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் என்று காட்டித் தருவார்கள்.